அந்த ஓட்டைக்கு ரேப் ஒட்டாதேங்கோ, தங்கச்சி

லண்டன் ஈஸ்ட்ஹாமிலை ஒரு பழைய ரெறஸ் வீட்டை வாடகைக்கு எடுத்திருக்கிறம், ஹோலிலை பழைய காஸ் ஃபயரும் அதுக்குப் பின்னாலை தண்ணி சூடாக்கிற பாக் பொயிலரும் இருக்கு, பக்கத்துச் சுவரிலை காத்து வாறதுக்கு விட்ட ஓட்டையாலை, அந்த வென்ற்றாலை, குளிர்காத்து அடிச்சுப் பிள்ளையின்ரை கால் விறைக்குது, அவர் ரேப் ஒட்டி அடைச்சிட்டார், சரியோ எண்டு கேட்டிருந்தியள். ஊரிலை இருந்து வந்திருக்கிற தம்பி அந்த ஹோலிலைதான் படுக்கப் போறார் எண்டும் எழுதியிருந்தியள்.

சரியில்லை. முதல்லை ரேப்பைக் கழட்டுங்கோ, காஸ் சேஃப் ஆள், அதாவது காஸ் வேலை செய்யப் பதிஞ்ச ஆள், வந்து பாக்கும்வரை ஃபயரையும் பொயிலரையும் போடாதேங்கோ. பிறகு மிச்சத்தை வாசியுங்கோ.

பழைய சாமான்கள் எரியிறதுக்கு வேண்டிய காத்தை நாங்கள் இருக்கிற அறைக்குள்ளை இருந்துதான் எடுக்கும், எரிஞ்ச புகையைச் சிமினியாலை மேலை அனுப்பும். இப்ப பூட்டுற பொயிலர்கள் அப்பிடியில்லை, காத்தை வெளியிலை இருந்தே எடுத்து வெளியிலையே விடும். உங்கடையிலை காத்து வாற வழி அடைபட்டால் காஸ் ஒழுங்கா எரியாமல் காபன் மொனொக்சைட் எண்ட நச்சுவாயு உண்டாகும், மேலை போகவேண்டிய புகையும் அறைக்குள்ளை திரும்பும். ஊரிலை குசினிக்குள்ளை புகை நிறைஞ்சால் கண் எரிஞ்சு எல்லாரும் வெளியிலை ஓடிடுவம். இந்த நச்சுவாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை, கண்ணும் எரியாது. தலையிடி, தலைச்சுத்து, சத்தி எண்டுதான் தொடங்கும். மாரிகாலத்திலை அதைத் தடிமன் காய்ச்சல் எண்டு நினைச்சுப் பனடோலைப் போட்டிட்டு அதே அறையிலை படுக்கிறதுதான் ஆபத்து. வீட்டிலை எல்லாருக்கும் ஒண்டா வந்து, வெளியிலை போனால் சுகமாகிற தலையிடி எண்டால் வெளியிலை இறங்கி நிண்டு காஸ் அவசர நம்பர் 0800 111 999க்கு அடியுங்கோ, டொக்டரிட்டையும் சொல்லுங்கோ.

குளிருக்கு வருவம். வென்ற் எவ்வளவு பெரிசா இருக்கவேணும் எண்டதுக்குக் கணக்கு இருக்கு. சிமினியிலை பூட்டின சாதாரண காஸ் சாமானுக்கு முதல் 7 கிலோவாட்டுக்குப் பழைய வீட்டின்ரை கதவு, யன்னல் இடுக்குகளாலை வாற காத்துக் காணும் எண்டு எடுப்பினம். அதுக்கு மேலை ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் 5 சதுர சென்ரிமீற்றர் திறந்த இடம் வேணும். 15 கிலோவாட் பாக் பொயிலர் எண்டால் 40. கரி எரியிறமாதிரி அழகுக்கு வைக்கிற ஃபயருக்கு வேறை கணக்கு, வழமையா 100. சில வீடுகளிலை அந்த ஓட்டை எப்பவோ கழட்டி எறிஞ்ச சாமானுக்குப் போட்டதாவும் இருக்கும், அப்ப அடைக்கலாம். ஆனால் அதை நீங்களும் நானும் முடிவெடுக்க ஏலாது, கணக்குப் பாக்கிறவர் சொல்லவேணும்.

வேணும் எண்டு சொன்னாலும் அந்தக் காத்தைப் பிள்ளையின்ரை காலிலை அடிக்கவிட வேண்டியதில்லை. உள்ளுக்குத் தடுப்புத் தகடுகள் வைச்ச வென்ற்றுகள் இருக்கு. காத்து வளைஞ்சு வளைஞ்சு வாறதாலை வேகம் போயிடும், அளவு குறையாது. எனக்குக் கூடப் பிடிச்சது மற்ற வழி. உங்கடை வீடுமாதிரிப் பலகை நிலத்துக்குக் கீழை வெறும் இடம் இருந்தால், ஃபயருக்குப் பக்கத்திலையே நிலத்திலை கிறில் போடலாம். காத்து அறையைக் கடக்காமல் நேரை நெருப்புக்குப் போயிடும். அதுக்கு வெளிச்சுவரின்ரை அடியிலை இருக்கிற ஓட்டைக் கல்லுகள் திறந்திருக்கவேணும், கனபேர் முத்தத்துக்குச் சிமெந்து போடேக்கை அதையும் மூடிவிடுறவை. இலையான் வருது எண்டு வென்ற்றுக்கு வலை அடிக்கவும் கூடாது, தூசி பிடிச்சு அடைச்சிடும்.

எங்கடை ஆக்களுக்கு இன்னொண்டு. மீன் பொரிக்கேக்கை குசினி ஃபானை முழு வேகத்திலை விடுவம். அது வீட்டுக்காத்தை இழுக்கிற இழுவையிலை ஹோல் சிமினிப் புகை கீழை இறங்கலாம். நல்ல வேலைகாரர் கதவு யன்னலைப் பூட்டி, ஃபானையும் போட்டிட்டுத்தான் புகைக்குச்சியைக் கொழுத்தி ஃபயருக்கு மேலைப் பிடிப்பார். புகை உள்ளுக்கு இழுபடவேணும், அறைக்குள்ளை திரும்பினால் அவர் சாமானை நிப்பாட்டிடுவார். அதுக்காக அவரோடை சண்டை பிடிக்காதேங்கோ. அவரின்ரை காஸ் சேஃப் அடையாள அட்டையின்ரை பின்பக்கத்தையும் பாருங்கோ, எந்தெந்தச் சாமானிலை கைவைக்கலாம் எண்டு அதிலை இருக்கும்.

காசு வீட்டுக்காரரின்ரை பாடு. 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர் தன்ரை காஸ் சாமான்களை வருசத்துக்கு ஒருக்கால் சோதிப்பிச்சு உங்களுக்குக் கடதாசி தரவேணும், புதுசா வாறவைக்குக் குடிவர முந்தியே. 2022 ஒக்ரோபர் 1இலை இருந்து இங்கிலாந்திலை இப்பிடிச் சாமான் இருக்கிற அறையிலை காபன் மொனொக்சைட் அலாமும் அவர்தான் பூட்டவேணும். அலாமை ஃபயரிலை இருந்து 1 முதல் 3 மீற்றர் தள்ளி, சுவரிலை எண்டால் கதவு யன்னலுக்கு மேலை, சீலிங்குக்குக் குறைஞ்சது 15 சென்ரிமீற்றர் கீழை வைக்கிறது. அலாம் இருக்கு எண்டு வென்ற்றை மூடலாம் எண்டில்லை. வாயாலை கேட்டு அலையாமல் மெசேஜிலை கேளுங்கோ, மறுத்தால் கவுன்சிலுக்குக் காட்டலாம்.

தம்பியின்ரை படுக்கைதான் எனக்குக் கவலை. படுக்கிற அறையிலை இப்பிடிச் சிமினிச் சாமான் 14 கிலோவாட்டுக்கு மேலை எண்டால் வைக்கவே ஏலாது. அதுக்குக் கீழை எண்டாலும் புகை ஆபத்தான அளவுக்குச் சேர முந்தித் தானா அணையிற பாதுகாப்பு இருக்கவேணும். உங்கடை பாக் பொயிலர் அந்த அளவுக்குள்ளையோ, அதுக்கு அந்தப் பாதுகாப்பு இருக்குதோ எண்டு கையெழுத்தோடை ஆரும் சொல்லும்வரை தம்பி மேலை பிள்ளையின்ரை அறையிலை பாய் போட்டுப் படுக்கட்டும்.