டாட்டைத் திருப்புமுன் திருகாணியைப் பாருங்கள்

கேள்வி: ஒஹாயோவில் வசிக்கிறேன். மான் வேட்டைக்காக மோஸ்பெர்க் 500 பம்ப் ஷாட்கன் வைத்திருக்கிறேன்; 12 கேஜ், உள்ளே வரியில்லாத வழவழப்பான பேரல். ரிசீவர் (துப்பாக்கியின் நடு உடல்) மேல் ரெட் டாட் (சிவப்புப் புள்ளியால் குறி காட்டும் கருவி) பொருத்தி 50 கெஜத்தில் ஸ்லக் (சில்லறைக் குண்டுகளுக்குப் பதில் ஒற்றைப் பெரிய குண்டு) சுட்டுப் பார்த்தேன். ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் போகிறது. ஒவ்வொரு குண்டுக்கும் திருத்தித் திருத்தி இரண்டு பெட்டி தீர்ந்ததுதான் மிச்சம். டாட் பழுதா?

பதில்: டாட் பழுதாக இருக்கலாம், ஆனால் அதைச் சந்தேகிப்பது கடைசி வேலை. குண்டு சிதறினால் முதலில் பார்க்க வேண்டியது திருகாணி, பிறகு தோட்டா, அதற்குப் பிறகு சுடுபவரின் தோள்.

துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதைப் பேரலின் தோட்டா அறையிலும் மேகசினிலும் விரல் விட்டு உறுதி செய்துகொண்டு, டாட்டையும் அதன் அடித்தகட்டையும் முழுவதும் கழற்றுங்கள். திருகாணிகளிலும் துளைகளிலும் உள்ள எண்ணெயை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, மரைக்கு ஒரு சொட்டு நீல நிறத் திரெட்லாக்கர் (திருகு தளராமல் பிடிக்கும் பசை) விட்டு, தகட்டுடன் வந்த தாளில் உள்ள அளவுக்கே டார்க் டிரைவரால் (முடுக்கும் விசையை அளந்து முடுக்கும் கருவி) முடுக்குங்கள். கை பலத்தில் முடுக்காதீர்கள். மோஸ்பெர்க் 500-இன் ரிசீவர் அலுமினியக் கலவை. மரை சுலபமாகப் பிய்ந்துவிடும். திருகாணி நீளமாக இருந்தால் நுனி உள்ளே நீட்டிக்கொண்டு போல்ட்டை உரசும். முடுக்கியதும் பம்பை நாலு முறை இழுத்துப் பாருங்கள்.

இந்தத் துப்பாக்கியில் பேரலைப் பிடித்திருப்பது மேகசின் குழாயின் முனையில் உள்ள ஒரே திருகு. அது தளர்ந்தால் பேரல் அசையும். ரிசீவர் மேல் இருக்கும் டாட்டுக்கு அது தெரியாது. சுத்தம் செய்யப் பேரலைக் கழற்றி மாட்டினால் மறுபடி சுட்டுப் பார்த்தே ஆக வேண்டும். பேரலோடு சேர்ந்து ரிசீவர் மேல் நீளும் கேண்டிலீவர் தகட்டில் டாட்டைப் பொருத்தினால் இந்தத் தலைவலி இல்லை.

தோட்டாவில் பலர் காசை வீணடிக்கிறார்கள். உங்கள் பேரலுக்கு ரைஃபிள்டு ஸ்லக் (குண்டின் மேலேயே வரி உள்ளது) மட்டுமே. விலை அதிகமான, பிளாஸ்டிக் உறைக்குள் வரும் சபோ ஸ்லக்கைச் சுழற்றி நிலைப்படுத்த வரி வெட்டிய பேரல் வேண்டும். வழவழப்பான பேரலில் அது தடுமாறிப் போகும். சோக்கை (பேரல் முனையின் குறுக்கம்) இம்ப்ரூவ்டு சிலிண்டர் (லேசான குறுக்கம்) அல்லது சிலிண்டராக (குறுக்கம் இல்லாதது) மாற்றுங்கள். இரண்டு மூன்று கம்பெனி ஸ்லக்குகளைத் தனித்தனியாகச் சுட்டு, நெருக்கமாக விழுவதைத் தேர்ந்தெடுங்கள். கலந்து சுட்டால் எந்த டாட்டும் உதவாது.

இனிச் சுடலாம். 25 கெஜத்தில் பெரிய தாளாக ஒட்டுங்கள். மணல் மூட்டை பேரலுக்கு அடியில் வேண்டாம், முன்பிடிக்கு அடியில் இருக்கட்டும். முன்பிடியைக் கையால் இறுக்கிப் பிடித்து, துப்பாக்கியின் பின்கட்டையைத் தோளில் நன்றாக அழுத்துங்கள். டாட்டின் வெளிச்சத்தைக் குறைத்து, புள்ளி கூர்மையாகத் தெரியும்படி வையுங்கள். பளீரென்று எரிந்தால் இலக்கையே மறைத்துவிடும். எதையும் திருப்பாமல் மூன்று ஸ்லக் சுட்டு, மூன்று துளைகளின் நடுவைக் குறித்துக்கொண்ட பிறகே திருத்த வேண்டும். இந்த வகைப் பேரலில் 50 கெஜத்தில் மூன்று நான்கு அங்குலச் சிதறல் இயல்பு. ஒற்றைக் குண்டை நம்பித் திருத்தினால் சிதறலைத்தான் துரத்திக்கொண்டிருப்பீர்கள். நீங்கள் செய்ததும் அதுவே.

கணக்கிலும் சறுக்குவார்கள். ஒரு கிளிக் (டாட்டின் திருகில் ஒரு படி) 1 எம்.ஓ.ஏ. (ஒரு கோண அளவு) என்றால் அது 100 கெஜத்தில்தான் ஏறக்குறைய 1 அங்குலம். 50 கெஜத்தில் அரை, 25-இல் கால். 25 கெஜத்தில் 3 அங்குலம் கீழே விழுந்தால் 12 கிளிக் மேலே திருப்ப வேண்டும். மூன்றே கிளிக் திருப்பிவிட்டு 'நகரவே மாட்டேன் என்கிறது' என்று புலம்புவது வழக்கம். உங்கள் டாட்டின் கிளிக் அரை எம்.ஓ.ஏ.வா, ஒன்றா என்பதைக் கையேட்டில் பாருங்கள்.

25-இல் நடுவுக்கு வந்ததும் 50 கெஜத்துக்குப் போய் மறுபடி மூன்று. அங்கே நடுவில் நிறுத்துங்கள். 1 அவுன்ஸ், நொடிக்கு 1600 அடி வேக ஸ்லக்கை 50 கெஜத்துக்குச் சரிசெய்தால், 75-இல் ஒன்றரை இரண்டு அங்குலம் தாழும். 100-இல் ஐந்து அங்குலத்துக்கு மேல். மானின் நெஞ்சில் குறி சுமார் 8 அங்குல வட்டம்தான். சிதறலையும் சேர்த்துப் பார்த்தால், உங்கள் துப்பாக்கிக்கு 75 கெஜமே நியாயமான எல்லை என்பது என் கணிப்பு.

இன்னும் சிதறினால் தோளைப் பாருங்கள். ஸ்லக்கின் உதை பலமானது. பத்துப் பன்னிரண்டுக்கு மேல் சுட்டால் பயிற்சி உள்ளவரும் குண்டு வெடிக்கும் முன்பே குலுங்க ஆரம்பிப்பார். நண்பரிடம் துப்பாக்கியைக் கொடுத்து, உங்களுக்குத் தெரியாமல் சில முறை போலித் தோட்டாவைப் போடச் சொல்லுங்கள். போலியில் புள்ளி துள்ளினால் குறை டாட்டில் இல்லை. தோளுக்கு மெத்தை வைத்து, அன்றைக்கு நிறுத்திவிட்டு வேறொரு நாள் தொடருங்கள்.

இத்தனையும் சரியாகி, தேர்ந்தெடுத்த அதே ஸ்லக் அப்போதும் அலைந்தால் டாட்டை மாற்றிப் பார்க்கலாம். சீசனுக்கு முன் பேரலில் படிந்த ஈயத்தை வெண்கலத் தூரிகையால் எடுத்துவிட்டு, புது பேட்டரி போட்டு, ஆறிய பேரலில் ஒரு குண்டு சுடுங்கள். காட்டில் உங்களுக்குக் கிடைக்கப்போவது பெரும்பாலும் அந்த முதல் குண்டுதான். அது 50 கெஜத்தில் எங்கே விழுகிறது என்பதைத் தாளில் குறித்து வையுங்கள்.