மரியோ தொப்பிக்குப் பச்சை அடிக்கலாமா? – டிராயிங் மிஸ் பதில்கள்

லீவு விட்டதும் எனக்கு வரும் கடிதங்களின் போக்கே மாறிவிடுகிறது. இந்த முறை பெரும்பாலும் ஒரே விஷயம்தான்: வீடியோ கேம் பாத்திரங்களின் கோட்டுப் படங்களைப் பிரிண்ட் எடுத்துப் பிள்ளைகளுக்கு வண்ணம் தீட்டக் கொடுப்பது. நான் கேம் ஆடுகிறவள் இல்லை. பள்ளியிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு வீட்டு மாடியில் மாலை நேர ஓவிய வகுப்பு நடத்துகிறேன். பிள்ளைகள் கொண்டுவரும் தாள்களைப் பார்த்துப் பார்த்து இந்த ஆட்கள் எல்லாருமே எனக்குப் பழக்கமாகிவிட்டார்கள்.

கேள்வி: என் மகனுக்கு ஆறு வயது. மரியோ படம் கொடுத்தால் தொப்பிக்குப் பச்சை, சட்டைக்கு ஊதா என்று இஷ்டத்துக்கு அடிக்கிறான். "ஒழுங்கா பார்த்து அடிடா" என்று அவன் அப்பா சத்தம் போடுகிறார். யார் பக்கம் நியாயம்? – ஒரு வாசகி, திண்டுக்கல்

பையன் பக்கம். அவன் அப்பாவிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். 1981-இல் 'டாங்கி காங்' ஆட்டத்தில் மரியோ முதன்முதலாக வந்தபோது அவனுக்குச் சிவப்பு ஓவரால் (தோளில் வார் மாட்டும் கால்சட்டை), நீலச் சட்டை. 1985-இல் 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' வந்தபோது சட்டை பழுப்பு ஆகிவிட்டது. இன்று நாம் பார்க்கும் மரியோவுக்கு நேர்மாறாகச் சிவப்புச் சட்டை, நீல ஓவரால். உருவாக்கிய நின்டெண்டோ கம்பெனியே இத்தனை தடவை மாற்றியிருக்கிறது. பச்சைத் தொப்பி வேண்டுமென்றால் மரியோவின் தம்பி லூயிஜி இருக்கிறான். அவன் தொப்பி பச்சைதான்.

இன்னொன்றும் சொல்கிறேன், எனக்கு மிகவும் பிடித்தது. அந்த 1985 ஆட்டத்தில் வானத்தில் மிதக்கும் மேகமும் தரையில் இருக்கும் புதரும் ஒரே படம். வெள்ளை கொடுத்தால் மேகம், பச்சை கொடுத்தால் புதர். நினைவகத்தில் இடம் பற்றாமல் செய்த சிக்கனம். மகனுக்கு அந்த வடிவத்தை ஒரே தாளில் நாலு தடவை பிரிண்ட் எடுத்துக் கொடுங்கள். வெள்ளைக்கும் பச்சைக்கும் அப்புறம் மிச்சம் இரண்டை என்னவாக ஆக்குகிறான் என்று பாருங்கள். என் வகுப்பில் ஒரு குட்டி அதற்குப் பழுப்பு அடித்து, "இது ரவா கேசரி கருகிப் போச்சு மிஸ்" என்றாள்.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் கவனியுங்கள். பச்சை என்று தெரிந்தே பச்சை அடிக்கிறானா, சிவப்பு என்று நினைத்துக்கொண்டு பச்சை அடிக்கிறானா? கிரேயானின் மேல் காகிதத்தை உரித்துவிட்டு, பகல் வெளிச்சத்தில் வைத்து, "சிவப்பை எடுடா கண்ணா" என்று சொல்லிப் பாருங்கள். சிவப்பு, பச்சை, பழுப்பு இந்த மூன்றில் திரும்பத் திரும்பத் தடுமாறினால் கண் டாக்டரிடம் ஒரு தடவை காட்டிவிடுவது நல்லது. புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் 'இஷிஹாரா' அட்டைகளை வைத்துச் சில நிமிஷங்களில் பார்த்துச் சொல்லிவிடுவார். இந்த நிறக் குறைபாடு பிறவியிலேயே வருவது; ஆண் பிள்ளைகளிடம்தான் அதிகம். இருந்தாலும் பயப்பட ஒன்றுமில்லை. கிரேயான்மேல் பெயர் எழுதிக் கொடுத்தால் போதும், பையன் பாட்டுக்கு அடிப்பான். ஆனால் விஷயம் தெரியாத வீடுகளில் பிள்ளை வீணாகத் திட்டு வாங்குகிறது.

கேள்வி: மொபைலில் பளிச்சென்று இருக்கும் படத்தைக் கடையில் பிரிண்ட் போட்டால் கோடு கலங்கலாக, தலையும் காலும் வெட்டுப்பட்டு வருகிறது. வாட்டர் கலர் தொட்டால் கறுப்புக் கோடு கரைந்து ஓடுகிறது. எங்கே தப்பு? – வாசகர், விருதுநகர்

மூன்று இடத்தில். கூகுளில் தேடியதும் வரிசையாக வரும் குட்டிப் படத்தையே பலரும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்புகிறார்கள். வாட்ஸ்அப் அதை இன்னும் சுருக்கிவிடும். படத்தைத் திறந்து முழு அளவில் இறக்கி, 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள். பிடிஎஃப் கிடைத்தால் இன்னும் உத்தமம்.

தலை வெட்டுப்படுவதற்குக் காரணம் தாளின் அளவு. வெளிநாட்டுத் தளங்களில் பல படங்கள் அமெரிக்க 'லெட்டர்' அளவில் இருக்கும். அது நம் ஏ4-ஐவிடச் சற்று அகலம், உயரம் குறைவு. "அண்ணா, ஃபிட் டு பேஜ் வச்சுப் போடுங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

கரைவது மை. வீட்டில் வைத்திருக்கும் இங்க்ஜெட் பிரிண்டரில் வருவது பெரும்பாலும் தண்ணீரில் கரையும் மை. ஜெராக்ஸ் மெஷினிலும் லேசர் பிரிண்டரிலும் வருவது டோனர். பிளாஸ்டிக் கலந்த பொடியைச் சூட்டில் உருக்கித் தாளில் ஒட்டுகிறது, தண்ணீர் பட்டால் அசையாது. சந்தேகமாக இருந்தால் விரலை நனைத்து ஒரு ஓரத்தில் தேய்த்துப் பாருங்கள். வீட்டுப் பிரிண்டரில் எடுத்ததையே கடையில் கொடுத்து ஜெராக்ஸ் போட்டுக்கொண்டால் அதுவும் கரையாது.

தாளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பாதி வம்பு அதில்தான். கடையில் சாதாரணமாகப் போடுவது 70, 75 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) தாள். கிரேயான், கலர் பென்சிலுக்கு அது தாராளம். ஸ்கெட்ச் பேனா பின்பக்கம் ஊறும், வாட்டர் கலர் வைத்தால் அப்பளமாகச் சுருளும். 100 ஜிஎஸ்எம் தாள் இருக்கிறதா என்று கேளுங்கள். பெயின்ட்தான் வேண்டுமென்றால் டிராயிங் ஷீட்டை ஏ4 அளவுக்கு வெட்டிக்கொண்டு போங்கள். பக்கவாட்டு டிரேயில் ஒவ்வொன்றாக வைத்துப் பல மெஷின்களில் எடுக்கலாம். கடைக்காரர் கூட்டமில்லாத நேரத்தில் இருந்தால்.

கேள்வி: அரசு தொடக்கப் பள்ளியில் 4, 5-ஆம் வகுப்பு எடுக்கிறேன். பிள்ளைகள் மைன்கிராஃப்ட் படம் கேட்கிறார்கள். எல்லாருக்கும் பிரிண்ட் எடுக்கக் காசுக்கு எங்கே போவது? பாடத்தோடு சேர்த்துச் செய்ய வழி உண்டா? – ஓர் ஆசிரியை, திருவண்ணாமலை மாவட்டம்

டீச்சர், உங்களுக்குப் பிரிண்டே வேண்டாம். கட்டம் போட்ட கணக்கு நோட்டு போதும். மைன்கிராஃப்டில் எல்லாமே சதுரம்தானே.

'க்ரீப்பர்' என்று பச்சையாக ஒரு பூதம் இருக்கிறது, பிள்ளைகளிடம் கேட்டால் கத்துவார்கள். அதன் முகம் எட்டுக்கு எட்டு கட்டம். மேலே இரண்டு வரிசை முழுக்கப் பச்சை. 3, 4-ஆம் வரிசைகளில் இடமிருந்து 2, 3, 6, 7-ஆம் கட்டங்கள் கறுப்பு, கண் ஆயிற்று. 5-ஆம் வரிசையில் நடுவிலுள்ள 4-உம் 5-உம் கறுப்பு. 6, 7-ஆம் வரிசைகளில் 3 முதல் 6 வரை. கடைசி வரிசையில் 3-உம் 6-உம் மட்டும். மிச்சம் எல்லாம் பச்சை. நீங்கள் போர்டில் வரைந்து காட்டாதீர்கள், வாயால் சொல்லுங்கள். கடைசி வரிசை முடிகிறபோதுதான் முகம் பிடிபடும். அந்தச் சத்தம் பக்கத்து வகுப்புக்குக் கேட்கும், முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுங்கள்.

அப்புறம் கணக்குக்கு வாருங்கள். மொத்தம் 64 கட்டம். கறுப்பு எத்தனை? எண்ணினால் 20. பச்சை 44. கறுப்பு எவ்வளவு பங்கு? 64-இல் 20, சுருக்கினால் 16-இல் 5. பின்னத்தைச் சுருக்குவது எதற்கு என்று கேட்கிற பிள்ளைகூட அன்றைக்குச் சுருக்கிவிடும். பச்சையிலேயே இரண்டு மூன்று சாயல் கலந்து அடிக்கச் சொன்னால் ஆட்டத்தில் இருப்பது மாதிரியே இருக்கும். இந்தப் பூதம் பிறந்த கதையையும் சொல்லுங்கள்: ஆட்டத்தை எழுதியவர் பன்றி செய்யப் போய், நீளத்தையும் உயரத்தையும் மாற்றிப் போட்டுவிட, நெட்டையாக ஒன்று எழுந்து நின்றது. அதையே வைத்துக்கொண்டார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்ததற்கு இவ்வளவு நல்ல உதாரணம் தமிழ்ப் பாடத்துக்கும் கிடைக்காது.

ஐந்தாம் வகுப்புக்கு டெட்ரிஸ் கொடுங்கள், மேலிருந்து விழும் கட்டைகளை இடைவெளி இல்லாமல் அடுக்கும் ஆட்டம். 1984-இல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் உருவாக்கியது. ஏழு வடிவம், ஒவ்வொன்றிலும் நாலு சதுரம், ஆக 28. ஏழையும் ஏழு நிறத்தில் தீட்டி வெட்டச் சொல்லுங்கள். 4-க்கு 7 செவ்வகத்திலும் 28 கட்டம்தான். இவற்றை அதில் மிச்சமில்லாமல் அடுக்க முடியுமா என்று கேளுங்கள். முடியாது. செவ்வகத்தைச் செஸ் போர்டாகக் கறுப்பு வெள்ளை அடித்துக் காட்டுங்கள்: 14 கறுப்பு, 14 வெள்ளை. மற்ற ஆறு வடிவமும் எங்கே வைத்தாலும் இரண்டு கறுப்பு, இரண்டு வெள்ளையை மறைக்கும். 'டி' வடிவம் மட்டும் ஒன்றில் மூன்று, மற்றதில் ஒன்று. ஆக ஏழும் சேர்ந்தால் ஒரு நிறத்தில் 15, மற்றதில் 13. கணக்கு அங்கே உதைக்கிறது. ஆனால் விடையை உடனே சொல்லிவிடாதீர்கள், ஒரு பீரியட் முட்டி மோதட்டும்.

கேள்வி: மகனுக்கு ஏழாவது பிறந்தநாள். அபார்ட்மெண்ட் ஹாலில் இருபது பிள்ளைகள் வருவார்கள், கேம் தீம். கலரிங் வைக்கலாமா, போரடிக்குமா? – ஒரு வாசகி, கோயம்புத்தூர்

வைக்கலாம், எப்போது வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கேக் வெட்டிய பிறகு வைத்தால் ஒருத்தரும் உட்கார மாட்டார்கள். அழைப்பில் ஐந்து மணி என்று போட்டிருப்பீர்கள். ஆறு மணி வரை ஒவ்வொருவராக வந்துகொண்டே இருப்பார்கள் அல்லவா, அந்த ஒரு மணி நேரம்தான் கலரிங்குக்கு. தரையில் ஜமுக்காளம் விரித்து, பரீட்சை அட்டையில் தாளைக் கிளிப் போட்டு வையுங்கள். இல்லாவிட்டால் ஃபேன் காற்றில் தாள் பறக்கும். கிரேயான்களை எவர்சில்வர் டம்ளர்களில் போட்டு நாலு இடத்தில் வையுங்கள். ஸ்கெட்ச் பேனா வேண்டாம். பட்டுப்பாவாடையில் பட்டால் அந்தப் பாட்டியின் முகத்தில் நீங்கள் விழிக்க முடியாது.

எந்தப் படம்? விவரம் நெருக்கமான படங்களை எடுக்காதீர்கள். நாலு வயதுக் குழந்தையும் வரும், பன்னிரண்டு வயது அண்ணனும் வருவான். பேக்-மேன் பேய்களைச் சொல்வேன். மேலே அரைவட்டம், கீழே பாவாடைக் கொசுவம் போல நெளிவு, இரண்டு கண், அவ்வளவுதான். 1980-இல் வந்த ஆட்டம், அப்பாக்களுக்கும் தெரியும். பேய்கள் நாலு: பிளிங்கி சிவப்பு, பிங்கி பெயருக்கேற்ற பிங்க், இன்கி வெளிர்நீலம், க்ளைட் ஆரஞ்சு. ஆட்டத்தின் நாயகனான மஞ்சள் வட்டம் பேக்-மேன் பெரிய புள்ளி ஒன்றை விழுங்கிவிட்டால் நாலும் அடர்நீலமாகிப் பயந்து ஓடும்.

இதை வைத்தே ஒரு விளையாட்டு. கெட்டித் தாளில் இரண்டு பக்கமும் பேயை எடுங்கள். முன்பக்கம் பிள்ளைக்குப் பிடித்த நிறம், பின்பக்கம் எல்லாருக்கும் அடர்நீலம். துளை போட்டு நூல் கோத்துக் கழுத்தில் மாட்டிவிடுங்கள். பிறந்தநாள் பையன்தான் மஞ்சள் தொப்பி போட்ட பேக்-மேன். பேய்கள் அவனைத் துரத்த வேண்டும். நீங்கள் விசில் அடித்ததும் எல்லாரும் அட்டையை நீலப் பக்கம் திருப்பிக்கொண்டு ஓட, அவன் துரத்துவான். அட்டை அவரவர் வீட்டுக்கு.

'சிறந்த கலரிங்' பரிசு மட்டும் வைக்காதீர்கள். ஒருத்தி சிரிப்பாள், பத்தொன்பது பேர் முகம் தொங்கும், அதில் இரண்டு அழும்.

கேள்வி: நாலாவது படிக்கும் மகன் போனும் கையுமாக இருக்கிறான். கேம் படங்களை பிரிண்ட் எடுத்துக் கொடுத்தால் ஆட்டத்தை மறப்பானா? – பெயர் வேண்டாம், சேலம்

மறக்க மாட்டான். மரியோவுக்கு கலர் அடித்த பிள்ளை மரியோ ஆடத்தான் கேட்கும், அதுதான் இயல்பு. போனுக்கு நேரம் குறிப்பதும் நேரம் முடிந்ததும் வாங்கி வைப்பதும் உங்கள் வேலை. அதை ஒரு தாள் செய்யாது. வாங்கி வைத்த பிறகு "நான் என்ன பண்றது" என்று நிற்பான் பாருங்கள், அந்த முக்கால் மணி நேரத்துக்கு இது உதவும். பக்கத்தில் நீங்களும் ஒரு தாளை எடுத்து உட்கார்ந்தால் இன்னும் கொஞ்சம் நீளும்.

ஒரு எச்சரிக்கை. படம் தேட போனை அவனிடம் கொடுக்காதீர்கள். இலவசப் படத் தளங்கள் பலவற்றில் படத்துக்குப் பக்கத்திலேயே 'டவுன்லோட்' என்று பெரிய பச்சைப் பட்டன் இருக்கும். அது விளம்பரம், தட்டினால் வேறு எதையோ இறக்கிவிடும். நின்டெண்டோ நடத்தும் குழந்தைகள் தளத்திலேயே பிரிண்ட் எடுக்கிற படங்கள் இருக்கின்றன. நீங்கள் இறக்கி வைத்துவிட்டு அவனைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: ஸ்டேஷனரி கடை வைத்திருக்கிறேன். இந்தப் படங்களைப் புத்தகமாகத் தைத்து நாற்பது ரூபாய்க்கு விற்றால் நன்றாகப் போகும் போலிருக்கிறது. செய்யலாமா? – வாசகர், மதுரை

நன்றாகப் போகும், ஆனால் செய்யக் கூடாது. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் (காப்பிரைட்), பிரிவு 52, சொந்த உபயோகத்துக்கும் வகுப்பில் ஆசிரியர் மாணவர் பாடத்துக்கும் இடம் கொடுக்கிறது. அச்சடித்து விற்பதற்கு இல்லை. உங்கள் ஊரிலேயே வரைகிற பையன்கள் எத்தனை பேர்! கோட்டை, குதிரை, புதையல், தாயக்கட்டம் என்று நம் ஆட்டங்களை வைத்து அவர்களிடம் காசு கொடுத்து வரைந்து வாங்குங்கள். அந்தப் புத்தகத்தை நானே வாங்கிக்கொள்கிறேன்.

கேள்வி: போகிமான் ஆட்டத்தில் வரும் பிக்காச்சுவின் வால் நுனி கறுப்பு என்று நான் சொல்கிறேன், தம்பி இல்லை என்கிறான். தாள் கிழிந்துவிட்டது. யார் சரி? – எட்டாம் வகுப்பு மாணவி, நாகர்கோவில்

தம்பிதான் சரி. காது நுனிதான் கறுப்பு. வால் மஞ்சள், உடம்போடு சேரும் அடிப்பக்கம் பழுப்பு. உன்னை மாதிரி நினைப்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள், அதனால் வெட்கப்படாதே. ஆனால் வால் நுனி இதய வடிவில் வெட்டியிருந்தால் அது பெண் பிக்காச்சு, அது அவனுக்குத் தெரியுமா என்று கேள். கிழிந்த தாளுக்கு இன்னொரு ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள், இந்த முறை இரண்டாக.