காஸ்ட் அக்கவுண்டிங் பேப்பரும் பத்தமடைப் பாயும்: ஊர் வேலையைப் பாடத்துக்குள்ள கொண்டுவர்றது எப்படி?

கேள்வி: அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு அஃபிலியேட்டட் காலேஜ்ல காமர்ஸ் உதவிப் பேராசிரியையா இருக்கேன். ஊரோட சேந்து ஏதாவது செய்யுங்க, அதுல உள்ளூர் ஆய்வும் இருக்கட்டும்னு காலேஜ்ல சொல்லுதாங்க. ஏற்கெனவே என்.எஸ்.எஸ் கேம்ப் போகுது, தெருவைக் கூட்டி போட்டோ எடுத்துட்டு வந்துருதோம். சிலபஸ் யுனிவர்சிட்டி கையில இருக்கு. நான் எடுக்குறது காஸ்ட் அக்கவுண்டிங், கிளாஸ்ல 60 பிள்ளைங்க. எங்க இருந்து தொடங்க?

பதில்: மேடம், முதல்ல என்.எஸ்.எஸ்ஸைக் கொறச்சு சொல்லாதீங்க. 1969ல ஆரம்பிச்ச திட்டம், ரெண்டு வருஷத்துல 240 மணி நேரம், 7 நாள் கேம்ப்னு ஒரு ஒழுங்கோட இன்னைக்கும் ஓடிட்டு இருக்கு. ஆனா அந்தக் கேம்ப்ல பிசிக்ஸ் பையனும் காமர்ஸ் பிள்ளையும் ஒரே வேலையைத்தான் செய்யுதாங்க, அவங்க படிச்ச பாடத்துக்கு அங்க ஜோலி கிடையாது. நீங்க ஒரு வேலையை யோசிச்சா, இதைச் செய்ய காமர்ஸ் படிச்சிருக்கணுமான்னு கேட்டுப் பாருங்க. தேவையில்லன்னா அது என்.எஸ்.எஸ்ஸுக்குப் போகட்டும், தேவைன்னா உங்க பேப்பருக்குள்ள வரட்டும்.

சிலபஸை மாத்தவே வேண்டாம். ஒரே ஒரு யூனிட்டை எடுங்க, இன்டர்னல்ல அசைன்மென்ட்டுக்குன்னு இருக்குற மார்க்கை அதுக்கு ஒதுக்குங்க, இதுக்கு யாரு பெர்மிஷனும் பெருசா வேண்டியதில்ல, உங்க ஹெச்.ஓ.டி தலையாட்டினா போதும்.

உங்க பேப்பருக்குன்னே செஞ்சு வச்ச மாதிரி பக்கத்துல பத்தமடை இருக்கு. புவிசார் குறியீடு வாங்குன பாய், கல்யாணத்துக்குப் பொண்ணு மாப்பிள்ளை பேரைப் போட்டே நெய்வாங்க, ஊருக்கே பெருமை, எல்லாம் சரி. ஆனா ஒரு பாய்க்கு அடக்கம் என்ன ஆகுதுன்னு நெய்யுற வீட்டுல கேட்டுப் பாருங்க. கோரை விலை சொல்லுவாங்க, பாவு நூல் விலை சொல்லுவாங்க, சாயத்துக்கு இவ்வளவும்பாங்க, அதோட நின்னுரும். பச்சைக் கோரையைக் கீறுனது, காயப்போட்டது, தண்ணியில ஊறவச்சு எடுத்தது, சாயம் ஏத்துனது, இதெல்லாம் வீட்டுப் பொம்பளைங்க சமையலுக்கு நடுவுல செய்யுற வேலை, அதனால கணக்குல வராது. "நம்ம கைதானே, அதுக்கு என்ன கணக்கு"ன்னு சிரிப்பாங்க. உங்க புக்ல நோஷனல் காஸ்ட்னு, அதாவது காசு கை மாறாத செலவுன்னு, ரெண்டு வரியில தாண்டிப் போற விஷயம் இதுதான், பரீட்சைக்கு எழுதிட்டு மறந்துருவாங்க, இங்க அது ஒரு அம்மாவோட கையில தெரியும். பிள்ளைங்க ஒரு பாயை ஆரம்பத்துல இருந்து முடியுற வரைக்கும் கூட இருந்து பாக்கணும், எந்த வேலை யாரு செஞ்சா, எத்தனை மணி நேரம் ஆச்சுன்னு குறிக்கணும், தறியோட தேய்மானம், வீட்டுல வேலை நடக்குற இடம், கரண்ட், அறுந்து போற கோரை எல்லாத்தையும் சேத்து ஒரு காஸ்ட் ஷீட் போடணும். நயம் பாய்க்கும் சாதாப் பாய்க்கும் தனித்தனி ஷீட், ஏன்னா கோரையை எவ்வளவு மெலிசா கீறுதாங்களோ அவ்வளவு நேரம் கூடும், அந்த நேரம் பூரா கூலி.

60 பேரையும் அங்க கூட்டிட்டுப் போயிராதீங்க, தெருவே திருவிழா ஆயிரும். ஒரு வீட்டுக்கு மூணு பேருக்கு மேல வேண்டாம். மீதிப் பேரு டவுன்ல கடையில என்ன விலை, ஆன்லைன்ல என்ன விலை, நடுவுல யாரு யாரு கை மாறுதுன்னு பாக்கட்டும். ரெண்டு பக்கமும் சேந்தாத்தான் நெய்யுறவங்களுக்கு எவ்வளவு நிக்குதுன்னு தெரியும்.

இது நான் சொல்லுத உதாரணம், பாத்துக்கிடுங்க. அந்த ஊர்ல கேள்வி வேறயா இருக்கலாம், கோரை கிடைக்கலங்கிறதுதான் அவங்க கவலையா இருக்கலாம், அப்போ கணக்கும் அங்க போகணும். அதனால பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போறதுக்கு முன்னால நீங்க தனியா போங்க, கையில ஃபார்ம் இல்லாம. தலைவர் வீட்டுல காப்பி குடிச்சிட்டுத் திரும்பிராதீங்க. நம்ம பக்கத்து ஊர்களைப் பத்தி உங்களுக்கு நான் சொல்லணும்னு இல்ல, எந்தத் தெரு வழியா உள்ள போறீங்களோ அந்தத் தெருவோட பதில்தான் கிடைக்கும். எல்லாத் தெருவுக்கும் போங்க, டீமையும் எல்லாரும் கலந்து இருக்குற மாதிரி நீங்களே பிரிச்சு விடுங்க, "நீங்களே சேந்துக்கோங்க"ன்னு விட்டா என்ன நடக்கும்னு தெரியும்.

சர்வே ஃபார்ம்னு சொன்னாலே எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். 40 கேள்வி, அதுல முதல் பக்கம் பூரா வீட்டு வருமானம், ரேஷன் கார்டு கலர். முக்கூடல், மேலப்பாளையம் பக்கம் பீடி சுத்துற அம்மா கிட்ட இதைக் கொண்டு நீட்டுதாங்க. ஆயிரம் பீடிக்கு இவ்வளவுன்னுதான் அவங்களுக்குக் கூலி, கை நின்னா காசு நிக்கும், உங்க மாணவனோட அரைமணி நேரம் அவங்க காசுதான். அவங்க இலை வெட்டிட்டே பேசட்டும், பிள்ளைங்க பக்கத்துல உக்காந்து கேக்கட்டும், அஞ்சாறு கேள்வி போதும். போட்டோ கேட்டுத்தான் எடுக்கணும், பேரு ரிப்போர்ட்ல வேண்டாம்.

நேரமும் பாருங்க. கார் பருவ நெல் அறுப்பு, பிசானப் பருவ நடவு நடக்குற வாரத்துல வயக்காட்டு ஊருக்குப் போனா வீடு பூட்டிக் கிடக்கும். கோயில் கொடை வாரத்துல போனா நல்லா சாப்பாடு கிடைக்கும், டேட்டா கிடைக்காது.

ஆய்வுன்னு சொல்லுததுக்கு வருவோம். ஒரு செமஸ்டர்ல ஒரு தடவை போய் எடுத்தது ஆய்வு ஆகாது, அதே ஊர், அதே கேள்வி, அடுத்த வருஷம் அடுத்த பேட்ச் தொடரணும், மூணு பேட்ச் தாண்டுனா விலை, கூலி எப்படி மாறுதுன்னு சொல்லுத ஒரு கணக்கு உங்க கிட்ட மட்டும்தான் இருக்கும். நம்ம தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பைப் பாருங்க, 2011ல இருந்து தன்னார்வலர்களும் மாணவர்களும் குளம் குளமா நின்னு எண்ணுதாங்க, திரும்பத் திரும்ப எண்ணுறதுலதான் அதுக்கு மதிப்பே.

உங்க கெமிஸ்ட்ரி சகாக்களையும் இழுத்து விடுங்க. பிராக்டிகல்ல தண்ணியோட கடினத்தன்மையை அளக்குற ஈ.டி.டி.ஏ டைட்ரேஷன் எப்படியும் உண்டு, அந்தக் குடுவைக்குள்ள ஸ்டோர் ரூம் தண்ணிக்குப் பதிலா திசையன்விளை, ராதாபுரம் பக்கத்துக் கிணத்துத் தண்ணி இருக்கட்டும், ஒயின் செவப்பு நீலமா மாறுறதுக்கு ஒரு அர்த்தம் வரும். கடினத்தன்மைக்கு இந்தியத் தரநிர்ணயம் வச்சிருக்குறது லிட்டருக்கு 200 மில்லிகிராம், வேற தண்ணியே இல்லன்னா 600 வரைக்கும். ஆனா பிள்ளைங்க போட்ட ரீடிங்கை வச்சு "உங்க தண்ணி கெட்டது"ன்னு ஊர்ல சொல்லிட்டு வந்துரக் கூடாது. சந்தேகமா இருந்தா குடிநீர் வடிகால் வாரிய லேப்ல மறுபடி டெஸ்ட் பண்ணிட்டு அப்புறம் பேசணும்.

கிடைச்ச முடிவை ஊருக்குத் திருப்பிக் குடுக்கணும், இதைத்தான் முக்காவாசிப் பேரு விட்டுருதாங்க. ஸ்பைரல் பைண்டிங் போட்ட இங்கிலீஷ் ரிப்போர்ட் ஸ்டாஃப் ரூம் அலமாரிக்குப் போயிரும். நெசவு வீட்டுக்குத் தமிழ்ல ஒரே பக்கம், இந்தப் பாய்க்கு உங்க அடக்கம் இவ்வளவு, இதுக்குக் கீழ வித்தா உங்க கூலி போகுதுன்னு எழுதிக் கொண்டு போய், பிள்ளைங்களே உக்காந்து வாசிச்சுக் காட்டணும். அந்த அம்மா "இது தப்பு, சாயத்துக்கு ரெண்டு தடவை முக்குதோம்"னு திருத்துனா ஷீட்டையும் திருத்தணும். உங்க பிள்ளைங்களுக்கு அதைவிட நல்ல வைவா கிடையாது.

மார்க்கை போனதுக்கு வந்ததுக்குப் போடாதீங்க. காஸ்ட் ஷீட்டுக்குப் பாதி, களக்குறிப்பு நோட்டுக்குக் கொஞ்சம், முடிவை ஊருக்குத் திருப்பிச் சொன்னதுக்கு மீதி. வீட்டுல விடாத பொம்பளப் பிள்ளைங்க இருப்பாங்க, அவங்களை வற்புறுத்தாம கடை விலை வேலையையோ கணக்கு போடுறதையோ குடுங்க, மார்க் குறையக் கூடாது.

மேல எழுதிக் கேக்கணும்னா வழி இருக்கு. சமூக ஈடுபாட்டுக்குன்னு 2 கிரெடிட் பாடத்துக்கு யு.ஜி.சியே வழிகாட்டி விட்டுருக்கு, 2020 கல்விக் கொள்கையும் அதைச் சொல்லுது. காலேஜுங்க கிராமங்களைத் தத்தெடுக்குற மத்திய அரசுத் திட்டமான உன்னத் பாரத் அபியான்ல உங்க காலேஜ் இருந்தா தத்தெடுத்த ஊர்னு ஏற்கெனவே ஒரு லிஸ்ட் கிடக்கும், அதுல பக்கத்துல இருக்குற ஊரை எடுத்துக்கோங்க. ஆனா சிலபஸை முடிவு பண்ணுற போர்டு ஆஃப் ஸ்டடீஸுக்குப் போறது ரெண்டாவது வருஷம், கையில காட்ட ஏதாவது இருக்கும்போது. இப்போதைக்கு ஹெச்.ஓ.டிக்கு ஒரு பக்கம்: எந்த யூனிட், எந்த ஊர், எத்தனை மணி நேரம், மார்க் எப்படி, கூடப் போற ஸ்டாஃப் யாரு. பஸ் காசையும் அதுலயே போட்டுருங்க, இல்லன்னா அது உங்க பர்ஸ்ல இருந்துதான் போகும்.