போதையை விட்ட பிறகு வரும் மனச்சோர்வுக்குச் சத்து மாத்திரைகள் உதவுமா?

போதையை விட்டு இரண்டு மாதம் ஆகிறது, எதிலும் மனசு ஒட்டவில்லை, 5-எச்டிபி, ஒமேகா 3, மெக்னீசியம், வைட்டமின் டி என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள், எதை வாங்குவது, வேறு என்ன பழக்கம் வைத்துக்கொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் மருத்துவன் இல்லை. ஊக்கப் போதைகளிலும் கஞ்சாவிலும் சில வருடங்களைத் தொலைத்துவிட்டு வெளியே வந்தவன். விட்ட பிறகு எனக்கு வந்தது அழுகை இல்லை, ஒன்றுமே தோன்றாத நிலை. பிடித்த பாட்டைப் போட்டால் காதில் விழும், உள்ளே எதுவும் நடக்காது. பக்கத்தில் ஒருவன் ஜோக் அடித்தால் எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்று தெரியும், சிரிப்புதான் வராது.

உங்களுக்கும் இப்படித்தான் இருக்கிறது என்றால், இனி வாழ்க்கையே இப்படித்தான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். போதை திரும்பத் திரும்ப டோபமின் என்ற, சந்தோஷத்தோடும் ஊக்கத்தோடும் தொடர்புள்ள மூளை ரசாயனத்தைக் கொட்டும்போது, மூளை அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளைக் குறைத்துக்கொள்கிறது. அதனால் போதையை நிறுத்தியதும் சாதாரண சந்தோஷங்கள் உறைப்பதில்லை. மெத்தாம்பெட்டமைன் என்ற ஊக்கப் போதையை விட்டவர்களின் மூளையை ஸ்கேன் செய்து, அமெரிக்க ஆய்வாளர் நோரா வோல்கோவின் குழு 2001இல் ஒரு ஆய்வை வெளியிட்டது. 12 முதல் 17 மாதம் வரை தொடாமல் இருந்தவர்களிடம் டோபமினை நரம்பு செல்லுக்குள் திரும்ப எடுத்துக்கொள்ளும் கடத்திகள் நன்றாகவே மீண்டிருந்தன. நினைவாற்றல் போன்றவை அதே அளவுக்குத் திரும்பியிருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அந்தக் கணக்கில் இரண்டு மாதம் என்பது ரொம்ப ஆரம்பம்.

சரி, மாத்திரைக்கு வருவோம். முதலில் வாங்கக் கூடாதது. 5-எச்டிபி உடலில் செரோடோனினாக, அதாவது மனநிலையோடு தொடர்புள்ள இன்னொரு மூளை ரசாயனமாக, மாறும். மனச்சோர்வு மருந்து ஏதாவது சாப்பிட்டுக்கொண்டிருந்தால், இரண்டும் சேர்ந்து செரோடோனின் அளவை ஆபத்தான உயரத்துக்குக் கொண்டுபோகலாம். நடுக்கம், காய்ச்சல், குழப்பம் என்று ஆரம்பித்து உயிருக்கே ஆபத்தாகலாம். செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகைக்கும் இதே எச்சரிக்கை உண்டு. அது கருத்தடை மாத்திரை, ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து போன்றவற்றின் வேலையையும் கெடுக்கும். 'இயற்கையானது' என்று விற்கப்படும் கிராட்டம் என்ற இலை, ஓபியாய்டு (அபின், ஹெராயின் வகை) ஏற்பிகளில் வேலை செய்கிறது, பழக்கமாகவும் ஆகும். ஒரு போதையிலிருந்து வெளியே வந்தவர் அதைத் தொடவே கூடாது.

வைட்டமின் டி பற்றி ஊரே பேசுகிறது. ஆனால் 18,000க்கும் மேற்பட்டவர்களுக்கு தினம் 2,000 யூனிட் கொடுத்து வருடக்கணக்கில் கவனித்த பெரிய ஆய்வு ஒன்று 2020இல் வந்தது. மனச்சோர்வு வராமல் தடுப்பதில் அதற்கும் வெற்று மாத்திரைக்கும் வித்தியாசம் இல்லை. ஆகவே குறைபாடு இருந்தால் மட்டும் எடுங்கள். அதைத் தெரிந்துகொள்ள ஒரு ரத்தப் பரிசோதனை போதும். அதோடு பி12, ஃபோலேட், இரும்புச்சத்து, தைராய்டு எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள். சிரிப்பு வாயு எனப்படும் நைட்ரஸ் ஆக்சைடு பழகியவர்களுக்கு பி12 செயலிழந்து நரம்பே பாதிக்கப்படலாம், அளவு சரியாக இருப்பதுபோல் காட்டினாலும்கூட. அதனால் அந்தப் பழக்கத்தை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். அதிகம் மது குடித்தவர்களுக்கு தயமின் (வைட்டமின் பி1) குறைந்திருக்கலாம். இந்த இரண்டு விஷயத்திலும் வைட்டமின் நிஜமாகவே சிகிச்சை.

ஒமேகா 3க்கு மிதமான ஆதாரம் இருக்கிறது. அதில் ஈபிஏ, டிஹெச்ஏ என்று இரண்டு முக்கியமான கொழுப்பு அமிலங்கள் உண்டு, ஆதாரம் ஈபிஏ அதிகமாக இருக்கும் வகைக்குத்தான். டப்பாவின் முன்பக்கம் '1,000 மி.கி. மீன் எண்ணெய்' என்று பெரிதாக எழுதியிருக்கும். பின்பக்கம் திருப்பிப் பாருங்கள், ஈபிஏ 180, டிஹெச்ஏ 120 என்று சின்ன எழுத்தில் இருக்கும். ஆய்வுகளில் பயன் தெரிந்தது ஏறக்குறைய 1 கிராம் ஈபிஏ அளவில். கணக்குப் போட்டால் தினம் ஐந்தாறு மாத்திரை விழுங்க வேண்டும்! மெக்னீசியம் சிலருக்குத் தூக்கத்துக்கு உதவுகிறது, எனக்கு வயிற்றைக் கலக்கியதுதான் மிச்சம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அதைத் தாங்களாகவே எடுக்க வேண்டாம்.

என்னைக் கேட்டால், இந்த மொத்தப் பட்டியலையும் விட உடம்பை அசைப்பதுதான் மேல். லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில், மெத்தாம்பெட்டமைன் விட்டவர்களை 8 வாரம், வாரத்துக்கு 3 நாள், ஒரு மணி நேரம் உடற்பயிற்சி செய்ய வைத்தார்கள். அவர்களுக்கு டோபமின் ஏற்பிகள் கூடியிருந்தன. வெறும் உடல்நல வகுப்பு எடுத்த குழுவுக்கு அப்படி ஆகவில்லை. ஸ்கேன் எடுத்தது கொஞ்சம் பேரிடம்தான், இருந்தாலும் எந்த டப்பாவிலும் இப்படி ஒரு விஷயம் எழுதியிருக்காது.

ஆனால் சோர்வில் கிடப்பவனிடம் 'போய் ஓடு' என்று சொல்வது எவ்வளவு எரிச்சலாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். நான் செய்தது இதுதான்: ஷூவைக் கதவுக்குப் பக்கத்தில் இல்லாமல் கட்டிலுக்கு அடியில் வைத்தேன், கயிற்றை அவிழ்த்தே. எழுந்து காலை நீட்டினால் அதற்குள் போய்விடும். தெருமுனை வரை போனால் போதும், பிடிக்காவிட்டால் திரும்பிவிடலாம் என்பது எனக்கு நானே கொடுத்துக்கொண்ட சலுகை. பெரும்பாலும் திரும்பவில்லை. ஆசை வந்த பிறகு செய்யலாம் என்று காத்திருந்தால் அது வராது. செய்யச் செய்யத்தான் மெதுவாக எட்டிப் பார்க்கும்.

இரவு தூக்கம் வராவிட்டாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழுங்கள், எழுந்ததும் வெளிச்சத்தில் நில்லுங்கள். மதியத்துக்குப் பிறகு காபி வேண்டாம். கஞ்சாவை விட்டவர்களுக்கு விசித்திரமான, கொடூரமான கனவுகள் வரும். நாளாக ஆகக் குறையும்.

போதை நின்று ஒரு மாதம் தாண்டியும் சோர்வு பிடியை விடவில்லை என்றால், அது தனி மனச்சோர்வு நோயா என்று மருத்துவர்கள் பார்ப்பார்கள். நீங்கள் அந்த எல்லையைத் தாண்டிவிட்டீர்கள். மனநல மருத்துவரிடம் போங்கள், விழுங்கும் எல்லா டப்பாவையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். செத்துவிடலாம் என்ற நினைப்பு வந்தால் அந்த மணி நேரமே யாரையாவது கூப்பிடுங்கள், உங்கள் நாட்டு உதவி எண்ணையோ அவசர சிகிச்சைப் பிரிவையோ.

அப்புறம் இரண்டு விஷயம். மதுவையோ தூக்க மாத்திரையையோ இன்னும் விடாமல் இருந்தால் திடீரென்று நிறுத்தாதீர்கள், வலிப்பு வரலாம். மருத்துவர் துணையோடு குறையுங்கள். எப்போதாவது சறுக்கிவிட்டால் பழைய அளவை எடுக்காதீர்கள். இத்தனை நாள் இடைவெளியில் உடம்பின் தாங்கும் சக்தி இறங்கியிருக்கும், ஓபியாய்டு பழகியவர்கள் பலர் செத்துப்போவது அந்த முதல் சறுக்கலில்தான். தனியாக இருக்காதீர்கள், மறுநாளே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.