‘மெமரீஸ் ஆஃப் மர்டர்’: அவன்தானா, இல்லையா?

போங் ஜூன்-ஹோ 2003இல் எடுத்த கொரியப் படம் இது. தென்கொரியாவின் ஹ்வாசோங் பகுதியில் 1986 முதல் 1991 வரை பத்துப் பெண்கள் கொல்லப்பட்ட உண்மை வழக்குதான் கதைக்கு அடிப்படை. பல தடவை பார்த்திருக்கிறேன், இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. வந்த கேள்விகளுக்கு என் பதில்களைத் தருகிறேன். முடிவு வரை எல்லாவற்றையும் பேசப் போகிறோம்.

கொலை நடந்த மழை இரவுகள், அன்று வானொலியில் ஒலித்த அதே பாட்டு, மென்மையான கை. எல்லாம் ஹ்யான்-க்யூ என்ற அந்த இளைஞனுக்குப் பொருந்துகிறதே. அவன்தான் கொலைகாரன் என்பதில் என்ன சந்தேகம்?

கையில் உண்மையாக என்ன இருக்கிறது என்று ஒரு தடவை எண்ணிப் பாருங்கள். அந்தப் பாட்டைப் போடச் சொல்லி அவன் வானொலிக்கு அஞ்சல் அட்டை எழுதுகிறான். தப்பிப் பிழைத்த பெண் சொன்னது போல அவன் கை மென்மையாக இருக்கிறது. விசாரணையில் பதற்றமே இல்லாமல் உட்கார்ந்திருக்கிறான். அவ்வளவுதான். கொலை நடந்த இடத்தில் அவனைப் பார்த்ததாக யாரும் சொல்லவில்லை. மென்மையான கை எத்தனையோ பேருக்கு உண்டு.

ஆனாலும் முதல் தடவை பார்த்தபோது நானும் உங்களைப் போலத்தான் நினைத்தேன். சுரங்கப்பாதை முன்னால், சியோலிலிருந்து வந்த துப்பறிவாளன் சியோ அவனை நோக்கித் துப்பாக்கியை நீட்டியபோது, ‘சுட்டுவிடு’ என்றே மனம் சொன்னது. அந்த நினைப்பு பிறகு என்னை ரொம்பத் தொந்தரவு செய்தது. படம் முழுக்க ஆதாரமில்லாமல் ஆளைப் பிடித்து அடிக்கும் போலீஸ்காரர்களைப் பார்த்து முகம் சுளித்தவன், கடைசியில் அவர்கள் பக்கத்தில் போய் நின்றுவிட்டேன். படம் நம்மை அங்கேதான் கொண்டுபோய் நிறுத்துகிறது என்பது என் கருத்து.

அமெரிக்காவிலிருந்து வந்த டிஎன்ஏ அறிக்கை தவறாக இருக்கலாம் அல்லவா?

கொலையில் கிடைத்த மாதிரி ஹ்யான்-க்யூவினுடையதோடு பொருந்தவில்லை, இவன்தான் என்று சொல்ல முடியாது என்கிறது அறிக்கை. ஆய்வகம் தவறு செய்ததாகப் படத்தில் ஒரு குறிப்பும் இல்லை. அந்த வாதத்தை நாம்தான் வெளியிலிருந்து கொண்டுவர வேண்டியிருக்கிறது. ‘ஆவணம் பொய் சொல்லாது’ என்று தொடக்கத்திலிருந்து சொல்லிவந்த சியோதான், கடைசியில் ‘இந்தக் காகிதம் பொய்’ என்று கத்துகிறான். அறிக்கையை நம்ப மறுக்கும் ஒவ்வொருவரும் அந்த நிமிடத்துச் சியோவைப் போல ஆகிவிடுகிறோம்.

உள்ளூர்த் துப்பறிவாளன் பார்க், ஹ்யான்-க்யூவின் முகத்தைப் பிடித்துப் பார்த்துவிட்டு, ‘வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா?’ என்கிறானே, ஏன்?

இந்த ஒரு வரிக்கே ஆளுக்கொரு விளக்கம் உண்டு. ‘இத்தனையும் செய்துவிட்டு உனக்குச் சோறு இறங்குகிறதா?’ என்ற வெறுப்பு என்பது ஒரு தரப்பு. இரக்கம் என்பது இன்னொரு தரப்பு. அது திரைக்கதையில் இல்லாத வரி, பார்க்காக நடித்த சாங் காங்-ஹோ தானே சேர்த்துச் சொன்னது.

அதற்கு முந்தைய சொற்களை நான் முக்கியமாகப் பார்க்கிறேன். ‘என் கண்ணைப் பார்’ என்கிறான். உற்றுப் பார்க்கிறான். பிறகு ‘தெரியவில்லை’ என்கிறான். கண்ணைப் பார்த்தே குற்றவாளியைக் கண்டுபிடித்துவிடுவேன் என்று பெருமையடித்த மனிதன் அவன். அது கைவிட்டுப் போன பிறகு எதிரில் நிற்பவனிடம் கேட்க வேறென்ன மிச்சம்? கொரியர்கள் அன்றாடம் ஒருவரையொருவர் நலம் விசாரிக்கும் பேச்சுதான் அது. எனக்கு அதில் வெறுப்பைவிடத் தோல்விதான் அதிகம் கேட்கிறது. வெறுப்பு என்பவர்களையும் தவறென்று சொல்ல மாட்டேன்.

போலீஸ் பறந்து உதைப்பதெல்லாம் நகைச்சுவையா? கதையோடு ஒட்டவில்லையே.

எனக்கு ஒட்டியது. அது ராணுவ ஆட்சியின் பிடி விடாத காலம். ஓரிடத்தில் கூடுதல் காவலர்களைக் கேட்கிறார்கள், எல்லோரும் ஆர்ப்பாட்டத்தை அடக்கப் போய்விட்டதாகப் பதில் வருகிறது. அந்த இரவு இன்னொரு பெண் சாகிறாள். சிரித்த வாய் அங்கே மூடிக்கொள்கிறது.

உண்மைக் குற்றவாளி 2019இல் தெரிந்துவிட்டதே. இனி இந்தப் படத்தில் என்ன மர்மம்?

லீ சுன்-ஜே என்பவனை டிஎன்ஏ காட்டிக்கொடுத்தது. மனைவியின் தங்கையைக் கொன்ற வழக்கில் 1994இல் பிடிபட்டு, ஆயுள் தண்டனையில் இருந்தவன். பதினான்கு கொலைகளை ஒப்புக்கொண்டான். ஹ்வாசோங் கொலைகளுக்கு வழக்குத் தொடர்வதற்கான 15 ஆண்டு காலவரம்பு 2006லேயே முடிந்துவிட்டதால் அவற்றுக்காக அவனைத் தண்டிக்க வழியில்லை.

கடைசிக் காட்சியில் பார்க் நேராக நம்மைப் பார்க்கிறான் அல்லவா? கொலைகாரன் திரையரங்குக்கு வரக்கூடும், அவன் கண்ணைச் சந்திக்க வேண்டும் என்ற எண்ணத்தில் இயக்குநர் வைத்த காட்சி அது. அவனோ அப்போது சிறையில். படத்தைப் பார்த்தேன், எதுவும் தோன்றவில்லை என்று 2020இல் நீதிமன்றத்தில் சொன்னான்.

இதைவிட என்னை உலுக்கியது வேறு. அந்தப் பத்தில் எட்டாவது கொலைக்காக 1989இல் வேறொருவரைப் பிடித்தார்கள். தூங்கவிடாமல் அடித்து வாக்குமூலம் வாங்கினார்கள். 20 ஆண்டு சிறையில் கழித்தார். நிரபராதி என்று தீர்ப்பு வந்தது 2020 டிசம்பரில். படம் வெளியான நாளில் அவர் உள்ளேதான் இருந்தார். படத்தில் போலீஸ் முதலில் சந்தேகப்படும் மனவளர்ச்சி குன்றிய இளைஞன் குவாங்-ஹோவை மிரட்டி வாக்குமூலம் சொல்லவைக்கும் காட்சிகளை இப்போது போய்ப் பாருங்கள். மர்மம் போய்விட்டது என்கிறீர்களே, எனக்குப் படம் இன்னும் கனமாகிவிட்டது.

நான் இன்னும் பார்க்கவில்லை, இதைப் படித்துவிட்டேன். கெட்டுப்போச்சா?

இல்லை, தாராளமாகப் பாருங்கள். தொடக்கத்தில் காவல் நிலையத்தில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவன் பலாத்காரம் செய்தவன், மற்றவன் பாதிக்கப்பட்ட பெண்ணின் அண்ணன். யார் எவன் என்று மேலதிகாரி பார்க்கிடம் கேட்பார். படம் பதிலைச் சொல்லாது. அங்கே நிறுத்தி நீங்களும் ஒருவனைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் மேலே பாருங்கள்.