ஏர்பிரஷ் அடைத்துக்கொண்டே இருக்கிறது, புதிது வாங்கலாமா?

கேள்வி: கண்டாம் ரோபோ மாடல்களுக்குப் பெயின்ட் அடிக்க, இணையத்தில் ஏர்பிரஷும் (காற்றழுத்தத்தால் பெயின்ட்டைத் தூவும் கருவி) அதற்குக் காற்று கொடுக்கும் சின்ன கம்ப்ரஸரும் சேர்ந்த மலிவான செட் ஒன்று வாங்கினேன். பெயின்ட் வெளியே வரும் நாசிலின் துளை 0.3 மில்லிமீட்டர். வலேஹோ அக்ரிலிக் பெயின்ட்டை, மருந்துக்கடையில் வாங்கிய ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் கலந்து அடிக்கிறேன். இரண்டு நிமிடம்கூட ஓடுவதில்லை, அடைத்துக்கொள்கிறது. விற்றவரைக் கேட்டால், "உங்களுக்கு அடிக்கத் தெரியவில்லை" என்கிறார். விலை கூடிய ஜப்பான் ஏர்பிரஷ் வாங்கிவிடலாமா?
- வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: இப்போதைக்கு வேண்டாம். முதலில் பெயின்ட் இல்லாமல் வெறும் தண்ணீரை ஊற்றி, ஓர் அட்டையில் அடித்துப் பாருங்கள். பனி விழுவதுபோல் சீராக விழுந்தால் உங்கள் ஏர்பிரஷ் நல்ல பொருள்தான். தண்ணீருக்கே திக்கினாலோ ஏர்பிரஷின் பெயின்ட் கிண்ணத்தில் குமிழி வந்தாலோ, நாசில் அடைத்திருக்கிறது, சரியாக உட்காரவில்லை, அல்லது விரிசல் விட்டிருக்கிறது.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் என் சந்தேகம் ஆல்கஹால் மேல்தான் போனது. தாமியா பிராண்டு அக்ரிலிக்குக்கு அது ஒத்துப்போகும், வலேஹோவுக்கு ஒத்துவராது. எலுமிச்சை பிழிந்த பால் மாதிரி திரிந்துவிடும். பழைய மூடி ஒன்றில் ஐந்து சொட்டு பெயின்ட், ஐந்து சொட்டு ஆல்கஹால் விட்டுப் பல்குத்தும் குச்சியால் கலக்கிப் பாருங்கள். பெரும்பாலும் திரிதிரியாகக் குச்சியோடு ஒட்டிக்கொண்டு வரும். அதுதான் அந்த 0.3 மில்லிமீட்டர் துளைக்குள் போய் உட்காருகிறது. ஆயிரம் ரிங்கிட் ஏர்பிரஷாக இருந்தாலும் இதே கதைதான்.

சரி, எதை வாங்குவது? வலேஹோ பிராண்டிலேயே ஏர்பிரஷ் தின்னர் (பெயின்ட்டை நீர்க்கவைக்கும் திரவம்) ஒன்று, ஃபுளோ இம்ப்ரூவர் ஒன்று. இரண்டும் சேர்ந்தாலும் ஜப்பான் ஏர்பிரஷ் விலைக்குப் பக்கத்தில்கூட வராது. பாட்டிலில் தோசை மாவு மாதிரி இருக்கும் பெயின்ட், கிண்ணத்துக்குள் போகும்போது பால் பதத்தில் இருக்க வேண்டும். உங்களிடம் இருப்பது வலேஹோவின் மாடல் கலர் வகை என்றால் பாதிக்குப் பாதி தின்னரில் தொடங்குங்கள். மாடல் ஏர் வகைக்குச் சில சொட்டு போதும். கலக்குவதைத் தனிக் கிண்ணத்தில் செய்துவிட்டு ஊற்றுங்கள்.

ஃபுளோ இம்ப்ரூவர் எதற்கென்றால், அக்ரிலிக்கில் உள்ள தண்ணீர் ஆவியானதும் அது பிளாஸ்டிக் தோலாகிவிடும், மறுபடி தண்ணீரில் கரையாது. நாசிலுக்குள் இருக்கும் ஊசியின் முனையிலோ காற்று ஓயாமல் அடிக்கிறது, அங்கேதான் முதலில் காயும். ஃபுளோ இம்ப்ரூவர் காய்வதைத் தாமதப்படுத்தும். காற்றழுத்தத்தை 15 முதல் 20 பிஎஸ்ஐக்குள் வையுங்கள். கூட்டினால் முனை இன்னும் சீக்கிரம் காயும். ஏசி அறையில் அடிக்கிறீர்களா? ஏசி காற்றின் ஈரத்தை இழுத்துவிடும், அதுவும் ஒரு காரணம். மாஸ்க் போட்டுக்கொண்டு ஜன்னலோரமாக வந்துவிடுங்கள். வெள்ளை நிறம் மட்டும் எல்லாம் சரியாகச் செய்தாலும் படுத்தும். நான் வெள்ளை அடிக்கும்போது தின்னரில் நனைத்த காட்டன் பட்ஸைக் கையிலேயே வைத்துக்கொண்டு, நிமிடத்துக்கு ஒரு முறை ஊசி முனையைத் துடைப்பேன்.

இன்னொன்று, பலர் பார்க்கத் தவறுவது: பாட்டிலின் சொட்டு மூக்கு. அதில் பெயின்ட் காய்ந்து வளையமாக ஒட்டியிருக்கும். பிதுக்கும்போது அது துணுக்குத் துணுக்காக உடைந்து பெயின்ட்டோடு விழும். முதலில் அதைக் கிள்ளி எடுங்கள். பழைய நைலான் ஸ்டாக்கிங் துண்டில் வடிகட்டினால் இன்னும் நல்லது.

அடிக்கும்போது முதலில் காற்று, பிறகு பெயின்ட். நிறுத்தும்போது முதலில் பெயின்ட், கடைசியில் காற்று. நிறம் மாற்றும்போதெல்லாம் கிளீனர் விட்டு அடித்துக் கழுவுங்கள். நாசிலைக் குண்டூசியால் குத்தாதீர்கள். துளை கொஞ்சம் விரிந்தாலும் பெயின்ட் ஒரு பக்கமாகவே பீய்ச்சும்.

திடீர் திடீரென்று துளித்துளியாகத் துப்பினால் அது அடைப்பாகவே இல்லாமல் இருக்கலாம். நம் ஊர் ஈரக்காற்றை அழுத்தினால் குழாயில் தண்ணீர் சேரும். ஈரம் பிடிக்கும் ஃபில்டர் இருக்கிறதா பாருங்கள்; இருந்தால் தண்ணீரை அவ்வப்போது வடித்துவிடுங்கள்.

இனி, விற்றவர் விஷயம். தண்ணீர் சோதனையிலேயே தோற்றால் அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று எழுதிவைத்து அதிலிருந்து தப்ப முடியாது. பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 ரிங்கிட் கட்டி மனு கொடுக்கலாம், வழக்கறிஞர் தேவையில்லை. விற்றவர் வெளிநாட்டில் இருந்தால் இணையத் தளத்தில் பணம் திரும்பக் கேட்பதுதான் நடைமுறைக்கு ஒத்த வழி. அதற்குக் கெடு உண்டு என்பதால் தண்ணீர் சோதனையை இன்று இரவே செய்துவிடுங்கள். முன்பு அடித்த பெயின்ட் உள்ளே காய்ந்திருக்கும். ஊசியையும் நாசிலையும் கழற்றிக் கிளீனரில் ஊறவைத்துக் கழுவிய பிறகு செய்யுங்கள். இல்லையென்றால் விற்றவர் சொன்னதுதான் சரி என்றாகிவிடும்.