ஆர்.வி.யை (சமையல், படுக்கை வசதியுள்ள வீட்டு வண்டியை) நிறுத்தியபின் சமப்படுத்த ஏர்பேக் மட்டும் போதுமா?

ஒரு ராத்திரிக்குப் போதும், ஒரு வாரத்துக்குப் போதாது. அரிசோனாவில் குவார்ட்ஸைட் பாலைவனத்தில் ஒரு ஜனவரியில் பட்டுத் தெரிந்துகொண்டது இது.

எங்களுடையது பழைய டீசல் மோட்டார்ஹோம். கால் இறக்கும் ஜாக்கி தனியாகக் கிடையாது. வண்டியைத் தாங்கும் சஸ்பென்ஷனில் உள்ள ஏர்பேக்குகளே (ரப்பர் காற்றுப் பைகளே) அந்த வேலையையும் பார்க்கும். பொத்தானை அழுத்தினால் தாழ்ந்த பக்கத்துப் பையில் காற்று ஏறும், உயர்ந்த பக்கத்தில் புஸ்ஸென்று இறங்கும். சக்கரம் தரையை விட்டு எழாது என்பது இதில் பெரிய நிம்மதி. எங்கள் வண்டியில் பார்க்கிங் பிரேக் பின்சக்கரத்தில்தான் பிடிக்கிறது. ஹைட்ராலிக் ஜாக்கி போட்டு அந்தச் சக்கரங்களைத் தூக்கிவிட்டால் பிரேக் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

அன்று சாயங்காலம் சமப்படுத்தியதும் தோசைக்கல்லில் எண்ணெய் விட்டுப் பார்த்தேன், நடுவிலேயே நின்றது. (ரசமட்டத்தைவிட எனக்கு இதில்தான் நம்பிக்கை.) காலையில் அதே எண்ணெய் ஜன்னல் பக்கமாக ஓடியது. ஏதோ ஒரு குழாய் இணைப்பில் மெல்லிய கசிவு. அதோடு பாலைவனக் குளிரும் சேர்ந்துகொண்டது. பகலில் 20 டிகிரி, விடியற்காலையில் 5 டிகிரி என்றால் கசிவே இல்லாவிட்டாலும் காற்று ஏறக்குறைய 5 சதவீதம் சுருங்கும். அதிகம் உப்பியிருந்த பைதான் அதிகமாக இறங்கும்.

தோசை கோணலானால் சாப்பிட்டுவிடலாம், ஃப்ரிட்ஜ்தான் பிரச்சினை. கேஸில் ஓடும் ஆர்.வி. ஃப்ரிட்ஜில் கம்ப்ரஸர் இல்லை. அம்மோனியாக் கரைசல் தானாக வழிந்து, கேஸ் சூடேற்றும் பாய்லருக்குத் திரும்ப வேண்டும். வண்டி சாய்ந்து நின்றால் அது வழியில் தேங்கும், பாய்லர் காய்ந்து சூடேறும், நாளடைவில் குழாய் அடைத்துக்கொள்ளும். அப்புறம் சரிசெய்ய முடியாது. பொதுவாக ஃப்ரிட்ஜை நேரே பார்த்தபடி பக்கவாட்டில் 3 டிகிரி, முன்பின்னாக 6 டிகிரி சாய்வுதான் அனுமதி. கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜ் என்றால் இந்தக் கவலை இல்லை.

இப்போதெல்லாம் தாழ்ந்த பக்கச் சக்கரங்களை முதலில் கட்டைப் பலகைமேல் ஏற்றிவிடுகிறேன். பின்னால் இரட்டை டயர் என்றால் இரண்டுமே முழுசாகப் பலகைமேல் உட்கார வேண்டும். ஒன்று மட்டும் ஏறினால் பாரம் முழுதும் அதன் தலையில்தான். மிச்சம் இருக்கும் ஓர் அங்குலத்துக்கு மட்டும் காற்று. அதன் பிறகுதான் ஸ்லைடை (வெளியே நீளும் அறைப் பகுதியை) வெளியே தள்ளுவேன்.

காற்றை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை விடாதீர்கள். பையோ குழாயோ விட்டுவிட்டால் மொத்த வண்டியும் ஒரே நொடியில் இறங்கும், ஆட்கள் நசுங்கிச் செத்திருக்கிறார்கள். அடியில் வேலை இருந்தால் வண்டியின் அடிச்சட்டத்துக்குக் கீழே இரும்பு ஸ்டாண்டு கட்டாயம்.

கிளம்பும்போது பைகள் ஓட்டும் உயரத்துக்கு வந்துவிட்டனவா என்று பார்த்துவிட்டு நகருங்கள். பலகைகளையும் எண்ணி எடுத்துக்கொள்ளுங்கள். என்னுடையவை இரண்டு இன்னும் அந்தப் பாலைவனத்தில்தான் கிடக்கின்றன.